ஒரு படி போதுமா? ஏட்டுச் சுவடி முதல் வன்தட்டு வரை



இன்று நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "கணினியில் இடம் நிறைந்துவிட்டது. இனி ஒரு படம்கூடச் சேமிக்க முடியாது" என்பார் மகன். "அப்படியானால் புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போடு" என்பார் தந்தை. ஈப்போவுக்குப் போய் ஒன்றை வாங்கி வருகிறார்கள். திருமணப் படங்கள், தாத்தாவின் பழைய படம், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாவற்றையும் அதற்கு மாற்றுகிறார்கள். மாற்றியபின் பழைய இடத்திலிருந்து அழித்தும் விடுகிறார்கள். இடம் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் இங்கே ஒரு கேள்வியை நாம் கேட்க மறந்துவிடுகிறோம். முன்பும் அந்தப் படம் ஓரிடத்தில்தான் இருந்தது. இப்போதும் ஓரிடத்தில்தான் இருக்கிறது. அந்த ஓரிடத்துக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது? வன்தட்டு என்று நாம் தமிழில் சொல்லும் இந்தச் சேமிப்புக் கருவியின் வரலாறே இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான். கேள்வியோ கணினியைவிட மிகப் பழையது. ஆகவே, நமக்கு நன்கு தெரிந்த ஒரு மரத்திலிருந்து தொடங்குவோம்.

கோலகங்சார் நகரில் பழைய இரப்பர் மரம் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். நூற்றுக்கு நான்கு விதை அளவே முளைத்தன. முளைத்த கன்றுகளை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. பெரும்பகுதியை இலங்கைக்கு அனுப்பினார்கள். சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். முதலில் சிங்கப்பூருக்கு வந்தவை பிழைக்கவில்லை. 1877-இல் மீண்டும் 22 கன்றுகள் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கில் அப்போது பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் நடப்பட்டன.

முதலில் அனுப்பியவை பட்டுப்போனபோது, எல்லாக் கன்றுகளும் அந்த ஒரே கப்பலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறிடத்தில் மிச்சம் இருந்ததால் அல்லவா மறுபடியும் அனுப்ப முடிந்தது? நம் பாட்டனார்களைக் கடல் கடந்து வரவழைத்த அந்தப் பால்மரம், பல இடங்களில் பங்கிட்டு வைக்கப்பட்டதால்தான் இந்த மண்ணில் பிழைத்தது. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நம் முன்னோர் எழுதியவை பனையோலையில் இருந்தன. ஓலையைக் கரையான் அரிக்கும், ஈரம் கெடுக்கும். ஆகவே பழுதாகுமுன் இன்னொரு ஓலையில் பார்த்து எழுதி வைப்பார்கள். அதற்குப் படியெடுத்தல் என்று பெயர். படியெடுக்க ஆள் இருந்த நூல் வாழ்ந்தது. ஆள் இல்லாத நூல் அழிந்தது. பழுதான ஏடுகளை ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டிலும், புறநானூற்றை 1894-ஆம் ஆண்டிலும் பதிப்பித்தார். அவர் எப்படிச் செய்தார்? ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடிச் சேர்த்தார். ஓர் ஏட்டில் ஒடிந்துபோன வரியை இன்னோர் ஏட்டிலிருந்து நிரப்பினார். ஓர் ஊர்ப் பிரதியின் பிழையை இன்னோர் ஊர்ப் பிரதி காட்டிக்கொடுத்தது. தனித்தனியே பார்த்தால் குறையுடைய பிரதிகள், சேர்த்துப் பார்க்கும்போது முழு நூலைத் தந்தன.

இதற்கு எதிர்மாறான ஒரு நிகழ்ச்சியும் நம் வரலாற்றில் உண்டு. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. அச்சு நூல்களில் வேறு படிகள் உள்ளவற்றை மறுபடி வாங்கலாம். வேறெங்கும் படியில்லாத சுவடியை எங்கே போய் வாங்குவது? கட்டடத்தைத் திருப்பிக் கட்டினார்கள். ஒரே படியாக இருந்தவை திரும்பவில்லை. பின்னாளில் 1998-இல் மதுரைத் திட்டமும், 2005-இல் இலங்கைத் தமிழர்களின் நூலகம் திட்டமும் தோன்றின. தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி எவரும் இலவசமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அவை வழி செய்தன. எடுத்து வைத்தவர் வீட்டிலெல்லாம் ஒரு படி இருக்கிறது. ஒரு தீயால் இனி அவையனைத்தையும் அழிக்க முடியாது.

"இவை பெரிய நூல்களின் கதை, தோட்டத்து மக்களாகிய நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் எண்ணலாம். தொடர்பு மிக நெருக்கமானது.

1969-ஆம் ஆண்டு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். குடியுரிமைக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்காமல் போனதற்குக் காரணங்கள் பல. இங்கே பிறந்ததற்கும் வாழ்ந்ததற்கும் கையில் தாள் இல்லாததும் அவற்றுள் ஒன்று. பால் வெட்டிய கை இருந்தது. நாற்பது வருட உழைப்பு இருந்தது. ஆனால் தாள் இல்லை. ஜப்பானியர் காலத்தில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் மக்களில் மாண்டவர் பலரின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை.

துன் வீ. தி. சம்பந்தனை நாம் மறக்க முடியாது. அவர் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டத் துண்டாடலால் மக்கள் வீடிழந்து நின்ற காலத்தில், 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தம் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திப் பங்கு வாங்கினர். தாத்தா வாங்கிய பங்குக்கான சான்றிதழ் இன்று எத்தனை வீடுகளில் பத்திரமாக இருக்கிறது? தகரப் பெட்டிக்குள் ஒரே தாளாக இருந்து, வீடு மாறும்போது காணாமற் போன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம்.

எங்கள் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துப் பழைய குடும்பங்களிடமிருந்து புகைப்படங்களை இரவல் வாங்கினோம். பெரட்டுக் களம், ஆலயத் திருவிழா, பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம் ஆகியவற்றையெல்லாம் கணினியில் பதிவு செய்து, அசல்களைத் திருப்பிக் கொடுத்தோம். பதிவுகளை ஒரே வன்தட்டில் வைத்திருந்தோம். ஒருநாள் காலை கணினியைத் திறந்தால் டிக், டிக் என்று ஒலி வந்ததே தவிர, படம் வரவில்லை. மறுபடி குடும்பங்களைத் தேடிப் போனோம். தோட்டம் விற்கப்பட்டு மக்கள் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டார்கள். அசல்களில் பாதிக்குமேல் இல்லை. அந்தக் குற்றம் கருவியினுடையது அன்று. ஒரு படி போதும் என்று எண்ணிய எங்களுடையது. அதன்பிறகே இந்த வன்தட்டு என்பது என்ன என்று கற்கத் தொடங்கினோம்.

வன்தட்டுக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தகடுகள் சுழல்கின்றன. தகட்டின்மேல் காந்தப் பூச்சு உண்டு. மயிரிழையைவிட மிக நுண்ணிய இடைவெளியில் ஒரு முனை தகட்டைத் தொடாமல் மிதந்து, காந்தப் புள்ளிகளாகச் செய்தியை எழுதுகிறது, படிக்கிறது. முதல் வன்தட்டை ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்டது. அதில் 24 அங்குல அகலமுள்ள 50 தகடுகள் இருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் அடங்கியது 50 இலட்சம் எழுத்து. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் படம் இரண்டைக்கூட அதில் வைக்க முடியாது. 1980-இல் சீகேட் நிறுவனம் சிறிய கணினிக்கு ஏற்ற சிறு வன்தட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகே அது வீட்டுக்குள் நுழையும் காலம் பிறந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1980-களின் பிற்பகுதியிலிருந்து பினாங்கின் தொழிற்சாலைகளில் வன்தட்டுகளும் அவற்றின் பாகங்களும் செய்யப்பட்டன. வட பேராக்கிலிருந்தும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி பினாங்குப் பக்கம் வேலைக்குச் சென்ற பெண்கள் பலர். தாய் விடியலில் பால் வெட்டப் போன வீட்டில், மகள் அதே விடியலில் மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனாள். உலகத்தின் நினைவுகளைத் தாங்கும் கருவிகளைச் செய்த கைகளில் நம் வீட்டுப் பெண்களின் கைகளும் உண்டு என்பது பெருமைக்குரியது.

இந்தத் தொழிலும் ஓரிடத்தை நம்பியதன் விளைவைக் கண்டது. 2011-ஆம் ஆண்டு தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தது. உலகின் வன்தட்டுகளில் பெரும்பங்கு அங்கே செய்யப்பட்டதால், தொழிற்சாலைகள் நீரில் மூழ்கியபோது உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. பல படிகள் வைக்க உதவும் கருவியைச் செய்பவர்களே ஓரிடத்தை அதிகம் நம்பிவிட்டார்கள்!

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். விலையுயர்ந்த ஒரு பெரிய வன்தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறிய வன்தட்டுகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தலாம் என்றார்கள். ஆனால் ஒரு சிக்கலையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு தட்டு சராசரி 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய 100 தட்டுகளைச் சேர்த்தால், 300 மணி நேரத்துக்குள், அதாவது இரண்டு வாரம்கூட ஆகாமல், ஏதேனும் ஒன்று பழுதாகும். நூறு பேர் வேலை செய்யும் தோட்டத்தில் எந்த நாளும் யாருக்கேனும் காய்ச்சல் இருப்பது போல என்று கொள்ளலாம்.

ஒன்று விழுந்தாலும் வேலை நிற்காதிருக்க அவர்கள் வகுத்த முறைக்கு ரெய்டு என்று பெயர். அதில் பல வகைகள் உண்டு. வீட்டுக்கு வேண்டியவற்றை மட்டும் பார்ப்போம்.

ரெய்டு ஒன்று என்பது கண்ணாடி முறை. இரண்டு தட்டுகளிலும் ஒரே செய்தி எழுதப்படும். ஒன்று கெட்டால் மற்றொன்று கொடுக்கும். ஆனால் நான்கு டெராபைட் தட்டுகள் இரண்டு வாங்கினால் நமக்குக் கிடைக்கும் இடம் நான்கு மட்டுமே.

ரெய்டு ஐந்தில் குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும். இதன் தத்துவம் நம் கிராணியாரின் கணக்கு போன்றது. முதல் தட்டில் 7 என்ற எண், இரண்டாவதில் 5, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 12 என்று வைப்போம். இரண்டாவது தட்டு கெட்டுவிட்டது. 12-இலிருந்து 7-ஐக் கழித்தால் காணாமற் போன 5 திரும்பக் கிடைக்கிறது அல்லவா? கணினி கூட்டலுக்குப் பதிலாக வேறோர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறது. அந்தக் கணக்கின் விடையையும் ஒரே தட்டில் வைக்காமல் எல்லாத் தட்டுகளிலும் மாற்றி மாற்றி வைக்கிறது. நான்கு டெராபைட் தட்டுகள் மூன்று இருந்தால் எட்டு டெராபைட் இடம் கிடைக்கும். ஒரு தட்டு விழலாம்; அதை மாற்றிச் சரிசெய்யுமுன் இன்னொன்றும் விழுந்தால் எல்லாம் போய்விடும். ரெய்டு ஆறு முறையில் இரண்டு தட்டுகள்வரை விழலாம். ஆனால் அதற்குக் குறைந்தது நான்கு தட்டுகள் வேண்டும்.

ரெய்டு சுழி என்றும் ஒன்று உண்டு. செய்தியைத் துண்டு துண்டாக்கி இரண்டு தட்டுகளில் பங்கிடும். வேகம் அதிகம், இடமும் முழுவதாகக் கிடைக்கும். ஆனால் ஒரு தட்டு விழுந்தால் இரண்டிலும் உள்ளது பயனற்றுப் போகும். ஒரு கடிதத்தை இரண்டாகக் கிழித்து இருவரிடம் கொடுத்தது போன்றது இது. குடும்பப் படங்களை மட்டும் இதில் வைக்கவே கூடாது.

"அப்படியானால் ரெய்டு ஒன்று போட்டுவிட்டால் கவலை இல்லைதானே?" என்று கேட்கலாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கோலகங்சார் மரத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிரையில் அருகருகே இரண்டு கன்று நட்டால், ஒன்று பட்டுப்போனாலும் மற்றது இருக்கும். ஆனால் அந்தக் காட்டுக்கே தீ வந்தால் இரண்டும் எரியும். கண்ணாடி முறை அருகருகே நட்ட இரண்டு கன்றுகள் போன்றது. ஒரே பெட்டிக்குள் இரண்டு தட்டும் இருப்பதால் இடி மின்னல் தாக்கினாலும், வெள்ளம் புகுந்தாலும், திருடன் தூக்கிச் சென்றாலும் இரண்டும் போகும். பிள்ளை தவறுதலாக ஒரு படத்தை அழித்தால், கண்ணாடி அந்த அழிப்பையும் உடனே அப்படியே காட்டும். ரெய்டு வேலை தடைபடாமல் காக்கும் முறை. வேறிடத்தில் வைக்கும் படிக்கு அது ஈடாகாது. ஆற்றுக்கு அக்கரையிலும் ஒரு கன்று நட்டிருக்க வேண்டும்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஏற்ற முறையை எளிமையாகச் சொல்வோம். மதிப்புள்ள எதற்கும் மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைக் கருவிகளிலாவது இருக்கட்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கணினியில் ஒன்று, வெளியே செருகும் வன்தட்டில் ஒன்று, தெலுக் இந்தானிலோ தைப்பிங்கிலோ உள்ள அக்கா வீட்டில் ஒன்று. தீபாவளிக்குப் போகும்போது பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்து வரலாம். விலை மிகுந்த ரெய்டு பெட்டியைவிட, சாதாரண வன்தட்டுகள் இரண்டு, இரண்டு வீடுகளில் இருப்பது நமக்கு நன்மை தரும்.

கணினிக்குள் புதிய தட்டைப் பொருத்துவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதலில் உள்ளதையெல்லாம் படியெடுங்கள். மின்செருகியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் தேங்கிய மின்சாரம் நீங்கிவிடும். செய்திக் கம்பி ஒன்று, மின்கம்பி ஒன்று என இரண்டையும் இணையுங்கள். புதிய தட்டு உடனே கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பகுதி பிரித்து, வடிவமைப்புச் செய்ய வேண்டும். இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுக்கு ஜி.பி.டி. என்னும் பகுப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடிவமைப்பு உள்ளிருப்பதைத் துடைத்துவிடுமாதலால், பழைய தட்டின் பெயரைத் தவறித் தொட்டுவிடாதீர்கள். இருக்கும் தட்டுகளை ரெய்டாக மாற்றும்போதும் பெரும்பாலும் உள்ளவை அழிந்துபோகும். படியெடுத்த பிறகு, சில படங்களையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படி, படியென்று நம்பத்தக்கதன்று.

இன்னும் ஒன்று. தாத்தாவின் படத்துக்குக் கீழே அவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும் எழுதி வையுங்கள். பெயரற்ற படம் நூறு தட்டுகளில் இருந்தாலும், அவரைத் தெரிந்த கடைசி மனிதர் போனபின் அது யாரோ ஒருவரின் படமாகிவிடும். பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து, "இது யார்? இது யார்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் நினைவுக்கு இரண்டாம் படி கிடையாது.

நம் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, சில இடங்களில் பள்ளியும் இல்லை. மிஞ்சியிருப்பது நம்மிடம் உள்ள சில தாள்களும் படங்களும் பெயர்களுமே. கரையான் அரித்த ஓலைக்குப் படியெடுத்து வைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். இந்த வாரமே ஒரு படத்தை, ஒரு சான்றிதழை எடுத்து இரண்டாம் படி செய்து, வேறு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். அடுத்த வாரம் இன்னொன்று. சிறுகச் சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதிதன்று.